ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டுக்கு 250 ரிங்கிட்டுக்குள் எந்த பவர் சப்ளை? பழைய 500 வாட் போதுமா?

மேளச்சத்தம் (செந்தூல்), திங்கள் இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்துக் கொடுக்கிறோம். அவர் கேமரா பிடிப்பார், எடிட்டிங் முழுக்க நான். டாவின்சி ரிசால்வில்தான் வேலை. 4கே-யில் எடுக்க ஆரம்பித்த பிறகு என் பழைய ஜிடிஎக்ஸ் 1650 தாங்கவில்லை. நாலு ஜிபி மெமரி நிரம்பி, எக்ஸ்போர்ட் பாதியிலேயே நின்றுவிடுகிறது. போன வாரம் ஒரு தாலி கட்டும் காட்சியை மூன்று முறை ஏற்றியும் முடியவில்லை.

தெரிந்தவர் ஒருவரிடமிருந்து ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி கார்டை 750 ரிங்கிட்டுக்கு வாங்கிவிட்டேன். இன்னும் மாட்டவில்லை. பழைய கார்டுக்குத் தனி ஒயர் கிடையாது, மதர்போர்டிலேயே செருகினால் ஓடியது. இதற்கு எட்டுப் பின் ஒயர் கேட்கிறது. கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் என் பவர் சப்ளையில் அப்படி ஒன்றே இல்லை. அது கேசிங்கோடு சேர்ந்து வந்தது, மேலே 500 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் 12 ரிங்கிட்டுக்கு ஒரு அடாப்டர் காட்டி, "மாட்டிக்கொள்ளுங்கள், 500 வாட் தாராளம்" என்றார்.

பிராசசர் ஐ5-10400எஃப், 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, இரண்டு ஹார்ட்டிஸ்க். அடாப்டர் போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா? வாங்கினால் 250 ரிங்கிட்டுக்கு மேல் முடியாது. இரண்டு வாரத்தில் ஒரு கல்யாண வீடியோ கொடுத்தாக வேண்டும்.

நாலாம் மாடி (செராஸ்), திங்கள் இரவு 11:05

என் கருத்து: வாங்குவதை ஒரே தடவையாக வாங்கிவிடுங்கள். 750 வாட், மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் கோல்டு முத்திரை உள்ளது. நாளைக்குப் பெரிய கார்டு போட்டாலும் கவலையில்லை. டிஎன்பி மின்சார பில்லும் குறையும். 350 ரிங்கிட் ஆகும், ஆனால் அதோடு முடிந்தது.

பிறை அண்ணன் (பட்டர்வொர்த்), திங்கள் இரவு 11:31

தங்கச்சி, முதலில் அந்த அடாப்டரை வாங்காதீர்கள்.

இப்போது ஒரு வேலை. கணினியை அணைத்து, சுவரில் பிளக்கையும் கழற்றிவிட்டு, கேசிங்கின் பக்கக் கதவைத் திறங்கள். பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மேலே உள்ள 500 வேண்டாம், கீழே கட்டம் போட்டு எழுதியிருப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள். பிறகு பின்பக்கம் பாருங்கள், ஒயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் அதை நகர்த்திவிடாதீர்கள். பவர் சப்ளை பெட்டியையும் திறக்க வேண்டாம்.

மேளச்சத்தம், செவ்வாய் காலை 7:20

எழுதிவிட்டேன் அண்ணே. இதுதான் இருக்கிறது:

+3.3 வோல்ட்: 20 ஆம்பியர்
+5 வோல்ட்: 22 ஆம்பியர்
+12 வோல்ட்: 18 ஆம்பியர்
-12 வோல்ட்: 0.3 ஆம்பியர்
+5 வோல்ட் ஸ்டாண்ட்பை: 2 ஆம்பியர்

சிவப்பு சுவிட்ச் இருக்கிறது, 230 என்று காட்டுகிறது. யார் தயாரித்தது என்ற பெயரே ஸ்டிக்கரில் இல்லை. கையில் எடுத்துப் பார்த்தேன், ரொம்ப லேசாக இருக்கிறது.

பிறை அண்ணன், செவ்வாய் மதியம் 1:14

நன்றி. இனி நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்.

12 x 18 = 216 வாட். உங்கள் கணினிக்கு உண்மையில் கிடைப்பது இவ்வளவுதான். இந்தக் காலத்துக் கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட் பக்கத்திலிருந்துதான். 3.3, 5 வோல்ட் பக்கத்தில் எவ்வளவு இருந்தாலும் அவற்றுக்கு உதவாது.

அந்த 500 எங்கிருந்து வந்தது என்று பார்க்க எல்லாவற்றையும் கூட்டினேன். 66, 110, 216, அப்புறம் சின்ன இரண்டும் சேர்த்து 14. மொத்தம் 406. அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உச்சத்தில் ஓடினால்தான், அப்படி எந்தப் பவர் சப்ளையும் ஓடாது. அவர்கள் எழுதிய கட்டத்தைக் கூட்டினால்கூட அவர்கள் போட்ட எண் வரவில்லை. அப்பாவி மக்கள் இந்த எண்ணை நம்பித்தான் காசு கொடுக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்.

உங்கள் தேவையைப் பார்ப்போம். 3060 கார்டு 170 வாட். ஐ5-10400எஃப் பெட்டியில் 65 வாட் என்று இருக்கும், ஆனால் வேகம் எடுக்கும் நேரத்தில் இன்டெல் கொடுத்திருக்கும் எல்லை 134 வாட். எக்ஸ்போர்ட் செய்யும்போது இரண்டும் சேர்ந்துதான் உழைக்கும். இதுவே 304. போர்டு, ராம், இரண்டு ஹார்ட்டிஸ்க், விசிறிகள் எல்லாவற்றுக்கும் 50 வைத்துக்கொள்ளுங்கள். 350, 360 வாட் வருகிறது. 216-இல் எப்படி ஓடும்? பழைய 1650 மொத்தமே 75 வாட் என்பதால் இத்தனை நாள் ஓடியது.

அடாப்டர் விஷயம். எட்டுப் பின் ஒயர் 150 வாட் கொண்டுபோகும் என்று வைத்துத்தான் கார்டு செய்கிறார்கள். அதாவது 12.5 ஆம்பியர். ஹார்ட்டிஸ்குக்குப் போகும் சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு உள்ள மூன்று பின்னும் சேர்ந்து 4.5 ஆம்பியர்தான், 54 வாட். அதிலிருந்து எட்டுப் பின் எடுத்தால் பிளக் உருகும். கருகிய சாட்டா பிளக்குகள் என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. பழைய பெரிய நாலு பின் மாலெக்ஸ் அதைவிடத் தேவலை, ஆனால் அதன் பின்னால் நிற்பது இதே 216 வாட் பெட்டிதான். அடாப்டர் மின்சாரத்தை உண்டாக்காது.

சிவப்பு சுவிட்சைப் பற்றி ஏன் கேட்டேன் என்றால், அது இருந்தாலே உள்ளே பழைய காலத்து வடிவமைப்பு என்று அர்த்தம். இப்போதைய நல்ல பவர் சப்ளைகள் 100 முதல் 240 வரை தாமாகவே சமாளிக்கும், அல்லது நம் ஊர் மின்சாரத்துக்கென்றே செய்திருப்பார்கள். நமக்கு வருவது 230. அந்த சுவிட்ச் தெரியாமல் 115 பக்கம் போய்விட்டால் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டருக்கு இரண்டு மடங்கு அழுத்தம் போய் வெடிக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை.

முடிவாக: நல்ல 550 வாட். 3060-ஐ வடிவமைத்த என்விடியா கம்பெனி சொல்வதும் அதுதான்.

லோயாட் வாசி (பிரிக்பீல்ட்ஸ்), செவ்வாய் மாலை 6:48

அண்ணன் சொன்னதை வைத்து, கடையில் என்ன கேட்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். மாதம் இரண்டு தடவையாவது புக்கிட் பிந்தாங் பக்கம் போய் கணினிச் சாமான் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவைச் சுற்றி வருகிறவன்.

250-க்குள் நீங்கள் பார்க்க வேண்டியவை: கூலர் மாஸ்டர் எம்டபிள்யூஇ 550 பிரான்ஸ் வி2, எம்எஸ்ஐ எம்ஏஜி ஏ550பிஎன், கோர்செயர் சிஎக்ஸ்550. மூன்றுக்கும் ஐந்து வருட வாரண்டி. கோர்செயரிலேயே சிவி என்று இன்னொரு வரிசை இருக்கிறது, அதற்கு மூன்று வருடம்தான். பெட்டி ஒரே மாதிரி இருப்பதால் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். கடைக்குக் கடை இருபது முப்பது ரிங்கிட் வித்தியாசம் வரும், அதனால் முதல் கடையில் வாங்காமல் ஒரு சுற்று போய்வாருங்கள். ஆன்லைனில் 11.11, 12.12 நாட்களில் இன்னும் குறையும், ஆனால் உங்களுக்கு அவசரம்.

வாரண்டியைக் கொண்டு தரத்தை ஓரளவு எடைபோடலாம் என்பது என் அனுபவம். ஐந்து வருடம் தருகிறவன் ஐந்து வருடம் தாங்கும் சாமான் போட்டாக வேண்டும். ரசீதை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர்கள் தரும் ரசீது ஒரு வருடத்தில் வெளுத்துவிடுகிறது.

கூடவே வரும் பவர் ஒயரையும் பாருங்கள். மூன்று பின் பிளக்கில் சிரிம் என்ற மலேசியத் தர முத்திரை இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேராக வரும் சில மலிவுப் பெட்டிகளில் வேறு ஊர் பிளக் வைத்து, அதோடு ஒரு கன்வெர்ட்டரும் போட்டு அனுப்புகிறார்கள். அதை மாட்டாதீர்கள்.

நாலாம் மாடி, செவ்வாய் இரவு 9:10

பிரான்ஸுக்கும் கோல்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் பேசவில்லையே? கோல்டு என்றால் உள்ளே இருக்கும் சாமானும் நல்லதாக இருக்கும், மின்சாரமும் மிச்சம். 100 ரிங்கிட்டுக்காகத் தரத்தை விடலாமா? நான் 750 சொன்னதும் அதற்குத்தான்.

பிறை அண்ணன், செவ்வாய் இரவு 10:26

தம்பி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் பிரான்ஸ், கோல்டு என்று பிரிக்கும் 80 பிளஸ் முத்திரை அளப்பது ஒன்றே ஒன்றை: சுவரிலிருந்து இழுத்ததில் எவ்வளவு கணினிக்குப் போய்ச் சேர்ந்தது, எவ்வளவு சூடாக வீணானது. அதையும் 23 டிகிரி அறையில் வைத்து அளக்கிறார்கள். மின்னல் அடித்தால் தாங்குமா, ஓவர்லோடு ஆனால் தானாக அணையுமா என்பதை அந்த முத்திரை சொல்லாது. பிரான்ஸிலும் நல்லது உண்டு, கோல்டிலும் மோசமானது உண்டு.

மிச்சக் கணக்கையும் போட்டுவிடலாம். கணினி 250 வாட் கேட்கிறது என்று வையுங்கள். 85 சதவீத பிரான்ஸ் சுவரிலிருந்து 294 இழுக்கும். 90 சதவீத கோல்டு 278 இழுக்கும். வித்தியாசம் 16 வாட். தினமும் ஐந்து மணி நேரம், வருடத்தில் 300 நாள் வேலை செய்தால் 24 யூனிட். யூனிட்டுக்கு 50 சென் என்றே வைத்தாலும் வருடத்துக்கு 12 ரிங்கிட். நூறு ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்தால் அது திரும்பி வர எட்டு வருடம் ஆகும்.

நாளெல்லாம் இரவெல்லாம் ஓடும் கணினி என்றால் நானே கோல்டு வாங்கச் சொல்வேன். இந்தத் தங்கச்சிக்கு அது தேவையில்லை. அந்த நூறு ரிங்கிட்டில் இன்னொரு ஹார்ட்டிஸ்குக்கு முன்பணம் சேர்க்கலாம், கல்யாண வீடியோவுக்கு இரண்டு பிரதி வைத்திருப்பது அதைவிட முக்கியம்.

முத்திரையைவிட நம் ஊரில் பார்க்க வேண்டியது டிகிரி. பவர் சப்ளையின் பக்கத்தில் அல்லது அதன் இணையப் பக்கத்தில், முழு வாட்டையும் எத்தனை டிகிரி வரை தொடர்ந்து தரும் என்று போட்டிருப்பார்கள். 30, 40, 50 என்று இருக்கும். ஏர்கோன் இல்லாத பிளாட்டில் மதியம் அறையே 32, 33 டிகிரி. கேசிங்குக்குள் அதைவிடச் சூடு. 40-க்குக் குறைந்ததை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டருக்கும் இதே கதைதான். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

நாலாம் மாடி, செவ்வாய் இரவு 10:51

அந்த 23 டிகிரி விஷயம் எனக்குத் தெரியாது அண்ணே. கணக்கும் புரிகிறது. ஏற்றுக்கொள்கிறேன்.

பட்டாணி (சுங்கை பட்டாணி), புதன் காலை 8:33

செகண்ட் ஹேண்டில் 650 வாட் கோல்டு 80, 90 ரிங்கிட்டுக்கு வருகிறதே? பெயருள்ள கம்பெனி. அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

லோயாட் வாசி, புதன் காலை 9:15

கார்டை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம், ராம் வாங்கலாம், பிராசசர் தாராளமாக வாங்கலாம். பவர் சப்ளை மட்டும் வேண்டாம் என்பேன்.

என் சொந்த அனுபவம். ஒருவரிடம் 70 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் மழை, இடி. மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது. டப் என்று ஒரு சத்தம், கருகிய வாடை. பவர் சப்ளை போனால் போகட்டும், மதர்போர்டையும் என் ஹார்ட்டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. அதில் என் பாட்டியின் கடைசித் தீபாவளிப் படங்கள் இருந்தன. போர்டை வாங்கிவிட்டேன், படங்களை இன்னும் தேடுகிறேன்.

பிறை அண்ணன், புதன் மதியம் 12:50

பட்டாணி, வாரண்டி இன்னும் இரண்டு வருடமாவது மிச்சம், ரசீதும் கையில் உண்டு என்றால் யோசிக்கலாம். கூடவே, அதற்குரிய ஒயர் எல்லாம் இருக்க வேண்டும். மாடுலர் வகையில் ஒயர் தனியாகக் கழலும். ஒரு கம்பெனி ஒயரை இன்னொரு கம்பெனிப் பெட்டியில் செருகினால் செருகிக்கொள்ளும், ஆனால் உள்ளே பின் வரிசை வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் ஹார்ட்டிஸ்க் செத்துவிடும். விற்கிறவர் "ஏதோ ஒரு ஒயர் போட்டுத் தருகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. விசிறி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது பல்லி முட்டை இருந்த பெட்டிகளும் என்னிடம் வந்திருக்கின்றன, எறும்புக் கூடும் வந்திருக்கிறது. பல்லி இரண்டு கம்பிக்கு நடுவில் போய் நின்றாலே ஷார்ட் ஆகிவிடும். சந்தேகம் வந்தால்கூட நீங்கள் திறந்து பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலையில் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

தாமான் வாத்தியார் (ஜார்ஜ் டவுன்), புதன் மாலை 5:02

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு அலுவலகத்திலிருந்து கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 7020 வாங்கிக் கொடுத்தேன். அவனும் கார்டு போட வேண்டும் என்கிறான். நீங்கள் சொன்ன 550 வாட் இதில் மாட்டலாமா?

பிறை அண்ணன், புதன் மாலை 7:40

வாத்தியாரே, நேராக மாட்ட முடியாது. அதன் போர்டுக்குப் போகும் பிளக் எட்டுப் பின், கடையில் விற்கும் பவர் சப்ளையில் வருவது 24 பின். மாற்று ஒயர் கிடைக்கும், ஆனால் உங்களுடையது மெலிந்த பெட்டி என்றால் புதுசு உள்ளே உட்காரவே உட்காராது. தனி ஒயர் கேட்காத கார்டாகப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி வகை 70 வாட்தான், போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி வகை வேறு, அதற்கு ஒயர் வேண்டும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். மெலிந்த பெட்டி என்றால் கார்டும் குட்டை வகையாக இருக்க வேண்டும்.

தாமான் வாத்தியார், புதன் இரவு 8:15

மிக்க நன்றி ஐயா. பவர் சப்ளை செலவே இல்லாமல் போனது.

மேளச்சத்தம், சனி இரவு 8:57

அண்ணே, இன்று லோ யாட் போய் வந்தோம். நாலு கடை ஏறினோம். முதல் கடைத் தவுக்கே (முதலாளி), பெயரே கேள்விப்படாத ஒரு 700 வாட்டை 110 ரிங்கிட்டுக்குக் காட்டினார். நான் பெட்டியைத் திருப்பி 12 வோல்ட் கட்டத்தைப் பார்த்தேன், 25 ஆம்பியர். 300 வாட். வைத்துவிட்டு வந்துவிட்டேன். கடைசிக் கடையில் எம்எஸ்ஐ 550 பிரான்ஸ், 219 ரிங்கிட். ரசீதைப் படம் எடுத்தாயிற்று.

இப்போது கேசிங்கைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சந்தேகம். எட்டுப் பின் ஒயர் ஒன்றுக்கு மேல் இருக்கிறதே, எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது. எதைக் கார்டில் செருகுவது?

பிறை அண்ணன், சனி இரவு 9:04

நல்ல வேளை கேட்டீர்கள். நுனியைப் பாருங்கள். நாலும் நாலுமாகப் பிரிவது பிராசசருக்கு, போர்டின் மேல் மூலையில் போகும். ஆறும் இரண்டுமாகப் பிரிவதுதான் கார்டுக்கு. பெரும்பாலும் பிசிஐஇ என்று பிளக் மேலேயே எழுதியிருக்கும். இரண்டிலும் 12 வோல்ட் வரும் பக்கம் நேர் எதிர். அதனால்தான் பிளக்கின் வடிவத்தையே கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறார்கள். அழுத்தி நுழைக்க வேண்டியிருந்தால் அது தவறான ஒயர் என்று தெரிந்துகொள்ளுங்கள். சரியானது க்ளிக் என்று கொக்கி மாட்டும்.

பவர் சப்ளையின் விசிறி எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். கேசிங்கின் அடியில் காற்றுத் துளை இருந்தால் விசிறி கீழே பார்க்கட்டும். துளை இல்லையென்றால் மேலே. பழைய பெட்டியின் ஒயர் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

பட்டாணி, சனி இரவு 9:20

ஏடிஎக்ஸ் 3 வகை வாங்கியிருக்க வேண்டாமா? புதுக் கார்டுகளுக்கு அதுதான் என்கிறார்களே.

லோயாட் வாசி, சனி இரவு 9:33

அது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கார்டு இழுக்கும் திடீர்ச் சுமையைத் தாங்குவதற்காக இன்டெல் 2022-இல் கொண்டுவந்த பவர் சப்ளை வரையறை. 3080, 3090 மாதிரிப் பெரிய கார்டுகள் கொடுத்த தொல்லைதான் அதற்கு ஒரு காரணம். 170 வாட் கார்டுக்கு, 550-இல் இவ்வளவு இடம் மிச்சம் இருக்கும்போது, தேவையில்லை. ஒரே விலையில் கிடைத்தால் வாங்கலாம்.

மேளச்சத்தம், ஞாயிறு காலை 11:18

ஓடுகிறது அண்ணே! நேற்று இரவே மாட்டிவிட்டேன். நின்றுபோன அந்தத் தாலி கட்டும் காட்சியைத்தான் முதலில் ஏற்றினேன். நிற்காமல் கடைசி வரை போனது. என் கணவர் பக்கத்து வீட்டு அண்ணனிடம் சுவர் பிளக்கில் மாட்டும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். எக்ஸ்போர்ட் ஓடும்போது உச்சமாக 310 வாட் காட்டியது, சும்மா இருக்கும்போது 60 சொச்சம். பழையது இதை எப்படித் தாங்கியிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

சமையலறைத் தராசில் பழையதை வைத்துப் பார்த்தேன். ஒயரோடு சேர்த்தே ஒரு கிலோவைத் தொடவில்லை. இதை என்ன செய்வது? தம்பி ஒருவன், "தூக்கிப் போடாதே, என் கணினிக்குக் கொடு" என்கிறான்.

பிறை அண்ணன், ஞாயிறு மதியம் 2:40

மனசு நிறைந்தது தங்கச்சி. மின்சாரம் அடிக்கடி தட்டுகிற இடமென்றால் திடீரென்று ஏறும் வோல்ட்டைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்றை அடுத்து வாங்கி வையுங்கள். இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுவது அதைவிட நல்லது.

பழையதைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். அவனும் ஒரு நாள் கார்டு வாங்குவான், மேலே 500 என்று எழுதியிருப்பதைப் பார்ப்பான். பிளக்கில் மாட்டாமல் ஒரு நாள் வைத்திருந்துவிட்டு, ஒயர்களை ஒவ்வொன்றாக வெட்டிவிடுங்கள், யாரும் எடுத்து மாட்ட முடியாதபடி. பிறகு மின்கழிவு வாங்கும் பெட்டியில் போடுங்கள். வீட்டுக் குப்பையோடு போட வேண்டாம்.

மேளச்சத்தம், ஞாயிறு மதியம் 3:05

வெட்டிவிட்டேன் அண்ணே. ஸ்டிக்கரை மட்டும் உரித்து எடுத்துத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன், 12 வோல்ட் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு.